மதுரை – டொராண்டோ: தூரக் கணக்கு பதினாறரை மணி நேரம் என்கிறது, டிக்கெட் 21 என்கிறது, இன்னொரு டிக்கெட் 31 என்கிறது. எதை நம்புவது?

மண்டபம்_அலை (கேள்வி)

வணக்கம். மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். தங்கச்சி டொராண்டோவில் இருக்கிறாள், ஜூன் கடைசியில் பிரசவம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். அம்மா அங்கே போய் மூன்று நான்கு மாதம் உடனிருப்பதாக ஏற்பாடு. விசா வந்துவிட்டது. அம்மாவுக்கு 66 வயது, சுகர் மாத்திரை எடுக்கிறார், முழங்கால் வலி உண்டு, விமானத்தில் இதுவரை ஏறியதில்லை, கூடப் போக ஆளும் இல்லை.

இணையத்தில் தூரம் பார்த்தேன். ஒரு தளத்தில் மதுரை – டொராண்டோ 13,650 என்று இருக்கிறது, இன்னொன்றில் 8,480, மூன்றாவதில் 7,370. பறக்கும் நேரம் மட்டும் எல்லாவற்றிலும் பதினாறரை மணி நேரத்தை ஒட்டியே வருகிறது. சரி, அவ்வளவுதானே, அம்மா தாங்கிக்கொள்வார் என்று நினைத்து டிக்கெட் தேடினால் எதுவும் அந்தக் கணக்குக்கு வரவில்லை.

இப்போது கையில் இரண்டு வழி இருக்கிறது. முதலாவது சென்னையிலிருந்து துபாய் வழியாக, முழுக்க ஒரே டிக்கெட்: இரவு 9:45-க்குக் கிளம்பி நள்ளிரவு 12:35-க்குத் துபாய், அங்கிருந்து அதிகாலை 3:30-க்குக் கிளம்பி காலை 9:30-க்கு டொராண்டோ, மொத்தம் 21 மணி 15 நிமிடம். இரண்டாவது ஊரில் ஒரு ஏஜென்ட் சொன்னது: மதுரையிலிருந்து துபாய்க்கு ஒரு டிக்கெட், துபாயிலிருந்து டொராண்டோவுக்குத் தனி டிக்கெட், நடுவில் 13 மணி நேரம் காத்திருக்க வேண்டும், மொத்தம் 31 மணி நேரத்தைத் தாண்டுகிறது. விலை நன்றாகக் குறைகிறது, மதுரை பக்கம், சென்னை வரை அலைய வேண்டாம் என்கிறார்.

என் குழப்பம் இதுதான். உண்மையான தூரம் எது? பதினாறரை மணி நேரம் என்று சொல்லும் விமானம் எங்கே இருக்கிறது? இரவு ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பி மறுநாள் காலை ஒன்பதரைக்கு இறங்குவது எப்படி 21 மணி நேரம் ஆகிறது? எல்லாவற்றையும்விட, அம்மாவுக்கு எந்த வழி உடம்பை அதிகம் படுத்தாது? போய் வந்தவர்கள், அனுப்பி வைத்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி_மாலுமி

தம்பி, நான் சரக்குக் கப்பலில் டெக் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். தூரக் கணக்குதான் எங்கள் தொழில், அதை மட்டும் நான் சொல்கிறேன், டிக்கெட் விஷயத்தைத் துபாயில் இருப்பவர்கள் யாராவது சொல்வார்கள்.

நீங்கள் பார்த்த மூன்று எண்ணும் ஒரே தூரம்தான். 13,650 கிலோமீட்டர், 8,480 மைல், 7,370 நாட்டிக்கல் மைல். ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர். நம் பக்கத்து விசைப்படகுக்காரர்கள் ஜிபிஎஸ்-இல் பார்ப்பதும் இந்த நாட்டிக்கல் மைலைத்தான், விமானிகளும் அதில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

அந்தத் தளங்கள் செய்வது மிகவும் எளிமையான வேலை. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, உருண்டையான பூமியின் மேல் அவற்றுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வளைவை அளக்கின்றன. கப்பலில் அதை கிரேட் சர்க்கிள் என்போம். அந்தத் தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டர் போல ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் உங்கள் பதினாறரை வந்துவிடும். அப்படி ஒரு விமானம் ஓடுகிறதா இல்லையா என்று அந்தத் தளம் பார்ப்பதே இல்லை.

அந்த வளைவு எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். மண்டபம் கிழக்கே 79 பாகையில் இருக்கிறது, டொராண்டோ மேற்கே 79½ பாகையில். ஏறக்குறைய பூமிக்கு அந்தப் பக்கம். அதனால் சுவரில் மாட்டும் வரைபடத்தில் நேராக மேற்கே போவது போலத் தெரிந்தாலும், வீட்டில் குளோப் இருந்தால் மதுரையில் நூலின் ஒரு முனையையும் டொராண்டோவில் மறுமுனையையும் வைத்து இழுத்துப் பாருங்கள், நூல் வடக்கே ஏறும். மகாராஷ்டிரம், ராஜஸ்தான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தானில் புகாரா பக்கம், கஜகஸ்தான், ரஷ்யா, அப்புறம் நார்வே கடலில் ஜான் மாயென் என்கிற பனித்தீவு, கிரீன்லாந்து, கனடாவின் கியூபெக், அதற்குப் பிறகுதான் டொராண்டோ. வடக்கே 71 பாகை வரைக்கும் போய்த் திரும்புகிறது.

இவ்வளவு தூரம் நிற்காமல் பறக்க முடியாதா என்றால், முடியும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் சுமார் 15,300 கிலோமீட்டர், 18 மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் போகிறார்கள். ஆனால் மதுரையின் ஓடுபாதை 7,500 அடிதான். அவ்வளவு எரிபொருளை ஏற்றிக்கொண்டு, நம் வெயிலில், பெரிய விமானம் அதிலிருந்து எழும்ப முடியாது. சென்னையின் பெரிய ஓடுபாதை 12,000 அடி. மதுரையிலும் 12,500 அடியாக நீட்டுவதாகத் திட்டம் உண்டு, நிலம் எடுப்பதிலேயே வருடக்கணக்கில் இழுக்கிறது.

ஆனால் துபாயில் இறங்கிப் போவதால் தூரம் ஒன்றும் பெரிதாகக் கூடவில்லை, இதைப் பலர் தப்பாக நினைக்கிறார்கள். மதுரை – துபாய் 2,950, துபாய் – டொராண்டோ 11,080, கூட்டினால் 14,030. நேர் வளைவைவிட 380 கிலோமீட்டர்தான் அதிகம், மூன்று சதவீதம்கூட இல்லை. சென்னை போய், துபாய் போய், டொராண்டோ என்றால் 14,430. சென்னை போய் லண்டன் வழியாகப் போனால் 14,350. எல்லாம் ஒன்றுக்கொன்று அரை மணி நேரப் பறப்புக்குள் அடங்கிவிடும் வித்தியாசம். ஆகவே தூரத்தை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் அம்மாவின் உடம்பைப் படுத்தப்போவது வானத்தில் போகும் கிலோமீட்டர் இல்லை, தரையில் நிற்கும் நேரம்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமானம் பறக்கும் உயரத்தில், நாற்பது அறுபது பாகை அட்சங்களில், மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஓடுகிறது. கச்சானுக்கு, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு, எதிராக வள்ளம் போவதற்கும் அதே கச்சானைப் பாயில் வாங்கிக்கொண்டு வருவதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேயும் இருக்கிறது. அதனால்தான் துபாயிலிருந்து டொராண்டோவுக்கு 14 மணி நேரம், திரும்பும்போது 13-க்கும் குறைவு. தூரம் அதேதான்.

கீழக்கரை_காக்கா

தொண்டி அண்ணன் சொன்ன கடைசி விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி, நான் துபாயில் டேரா பகுதியில் இருக்கிறேன், ஊர்க்காரர்களை ஏற்றி இறக்கி விடுவது எனக்குப் பழகிப்போன வேலை.

அந்த இரண்டு டிக்கெட் யோசனை வேண்டவே வேண்டாம். உங்கள் அம்மா தனியாக வருகிறார், முதல் பயணம். இரண்டு டிக்கெட் தனித்தனியாக எடுத்தால் மதுரையில் போட்ட பெட்டி துபாயோடு நின்றுவிடும். அதை எடுக்க அவர் குடியேற்றப் பிரிவைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு அமீரக விசா வேண்டும். விசா எடுத்தாலும், குறைந்த கட்டண விமானம் இறங்குவது பெரும்பாலும் ஒரு டெர்மினல், டொராண்டோ விமானம் கிளம்புவது வேறு டெர்மினல். டெர்மினல் 2 என்பது ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, டாக்சி பிடித்துச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பெட்டியைத் தள்ளிக்கொண்டு, மொழி தெரியாமல், முழங்கால் வலியோடு. யோசித்துப் பாருங்கள். இதில் மதுரை விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பே ஏற்காது, புது டிக்கெட்தான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் தாமதம் அவர்களுடைய தலைவலி, அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.

ஏஜென்ட் இதையெல்லாம் சொல்லவில்லை என்றால் அவர் விலையை மட்டும்தான் பார்க்கிறார் என்று அர்த்தம். எத்தனையோ பேர் இப்படி வந்து டெர்மினலில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், அதைப் பார்த்த கோபத்தில் எழுதுகிறேன்.

சென்னை டிக்கெட்டில் பெட்டி சென்னையில் போட்டால் டொராண்டோவில்தான் எடுக்க வேண்டும். துபாயில் விசா தேவையில்லை, வெளியே வராமல் உள்ளேயே மாறிக்கொள்ளலாம். நடுவில் 2 மணி 55 நிமிடம் இருக்கிறது, அது வயதானவருக்குச் சரியான அளவு. ஒன்றரை மணி நேரம் என்றால் பதற்றம், எட்டு மணி நேரம் என்றால் இடுப்பு ஒடிந்துவிடும்.

நேரக் கணக்கு கேட்டிருந்தீர்கள். டிக்கெட்டில் போட்டிருப்பது எல்லாம் அந்தந்த ஊர் கடிகாரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். டொராண்டோ கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை முன்னால் தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னால் இழுக்கிறார்கள். ஜூன் என்றால் ஒன்பதரை. ஆக அங்கே காலை 9:30 என்பது நம் ஊரில் இரவு 7 மணி. முந்தின இரவு 9:45-லிருந்து அன்றைய இரவு 7 வரை எண்ணுங்கள், 21 மணி 15 நிமிடம் சரியாக வரும். அதில் சென்னை – துபாய் 4 மணி 20, காத்திருப்பு 2:55, துபாய் – டொராண்டோ 14. பறப்பது மட்டும் 18 மணி 20 நிமிடம்.

பிற வழிகளும் இருக்கின்றன. மதுரையிலிருந்து கொழும்பு 355 கிலோமீட்டர்தான், ஏறினால் இறங்கிவிடலாம், ஆனால் அங்கிருந்து வளைகுடா போல எங்காவது மறுபடி மாறித்தான் டொராண்டோ போக வேண்டும், ஒரு மாற்றம் கூடுகிறது. திருவனந்தபுரத்திலிருந்தும் துபாய்க்கு நல்ல இணைப்பு உண்டு, சாயல்குடி பக்கத்து ஆட்கள் சிலர் தூத்துக்குடி வழியாக அங்கே போய் ஏறுகிறார்கள், மண்டபத்திலிருந்து என்றால் வண்டியிலேயே ஆறு ஏழு மணி நேரம் போய்விடும். எனக்கு சென்னைதான் சரி என்று படுகிறது.

மண்டபம்_அலை

அண்ணே, காக்கா, இருவருக்கும் நன்றி. ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் சில சந்தேகம். சென்னைக்கு எப்படிக் கூட்டிப் போவது? மதுரைக்குக் காரில் போய் அங்கிருந்து மாலை விமானத்தில் சென்னை, அன்றே இரவு துபாய் விமானம் என்று வைத்தால் ஒரே நாளில் முடியும். இல்லையென்றால் முந்தின இரவே ரயில். இன்னொன்று, தங்கச்சி வீட்டுக்காரர் டெல்லியிலிருந்து டொராண்டோவுக்கு நேர் விமானம் இருக்கிறது, அது குறுக்கு வழி என்கிறார், அது எப்படி? மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்றும் அம்மா கேட்கிறார், காலை ஒன்று, இரவு ஒன்று எடுக்கிறார்.

தொண்டி_மாலுமி

மாப்பிள்ளை சொல்வது வரைபடத்தில் சரி. மதுரை – டெல்லி 2,085, டெல்லி – டொராண்டோ 11,640, மொத்தம் 13,725. நேர் வளைவைவிட 75 கிலோமீட்டர்தான் கூடுதல், இங்கே பேசிய வழிகளில் இதுதான் குறுக்கு. நான் முதலில் சொன்ன நூலை நினைத்துப் பாருங்கள், டெல்லி அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கிழக்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் வானத்திலும் வேலி இருக்கிறது தம்பி. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது, அதற்குப் பிறகு மாதாமாதம் நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே அரபிக்கடல் பக்கம் இறங்கிச் சுற்ற வேண்டியதாயிற்று, வட அமெரிக்கா போகிறவை ஐரோப்பாவில் எரிபொருள் போட நின்றன. கனடா நாட்டு விமானம் என்றால் பாகிஸ்தான் மேலே பறக்கலாம், ஆனால் 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யா அவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. குளோப்பில் நூல் போகும் வழியில் இந்த இரண்டு நாடும் குறுக்கே படுத்திருக்கின்றன. தளத்தில் காட்டும் கிலோமீட்டர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. வளைகுடாவிலும் பதற்றம் வந்தால் சில நாள் வான்வெளியை மூடுகிறார்கள், அதனால் எந்த வழியானாலும் கிளம்புவதற்கு முந்தைய நாள் விமானத்தின் நிலையைப் பார்த்துவிட்டே வீட்டை விட்டு இறங்குங்கள்.

டெல்லி வழி என்றால் இன்னொரு சிரமம், அம்மா தெரியாத ஊரில் உள்நாட்டு விமானத்திலிருந்து வெளிநாட்டு விமானத்துக்கு மாற வேண்டும். டெல்லியில் குடியேற்றச் சோதனை, அங்கே இந்தியில் கேட்பார்கள். சென்னையிலேயே குடியேற்றம் முடிந்தால் தமிழில் பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம், நீங்களும் வாசல் வரை நிற்கலாம்.

ரயிலா மதுரையா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ரயில்தான். மதுரை – சென்னை 420 கிலோமீட்டர், விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடும், ஆனால் அந்த மாலை விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் எல்லாம் போச்சு, ஏனென்றால் அதுவும் தனி டிக்கெட்தானே. பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்த பிறகு ராமேஸ்வரத்திலிருந்தே ரயில்கள் ஓடுகின்றன, போட் மெயிலோ சேதுவோ ஏதாவது ஒன்றில் கீழ்ப்படுக்கை போட்டு, தாம்பரத்தில் இறங்குங்கள். எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டாம். சென்னையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் பகல் முழுக்க அம்மா குளித்து, சாப்பிட்டு, காலை நீட்டிப் படுத்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு விமான நிலையத்துக்கு வரலாம். கூட்டிப் பார்த்தால் மண்டபம் வீட்டிலிருந்து டொராண்டோ வீடு வரை ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும், இருக்கட்டும். அந்தப் பகல் ஓய்வு இல்லாமல் 14 மணி நேரம் உட்கார வைப்பதுதான் ஆபத்து.

ஸ்கார்பரோ_அக்கா

தம்பி, நான் பெரியபட்டினம், இப்போது டொராண்டோவிலேயே ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறேன். என் மாமியார் வந்தபோது இதே வழியில்தான் வந்தார், இங்கே நடக்கும் விஷயங்களை நான் சொல்கிறேன்.

மாத்திரைக்கு ஒரு எளிய வழி. அம்மாவின் கைக்கடிகாரத்தை டொராண்டோ வரும்வரை மாற்றவே வேண்டாம், இந்திய நேரத்திலேயே இருக்கட்டும். துபாயில் இரண்டாவது விமானம் கிளம்பும்போது அதில் காலை 5 மணி காட்டும். மூன்று மணி நேரம் கழித்து 8 மணி, விமானத்தில் ஏதாவது சாப்பிடக் கேட்டு வாங்கிக்கொண்டு காலை மாத்திரை. டொராண்டோவில் இறங்கும்போது இரவு 7. இரவு மாத்திரை நேரம் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரத்துக்கு வந்துவிடும். அதற்கு மறுநாளிலிருந்து இங்கத்திய நேரத்துக்கு எப்படி மாற்றுவது என்பதை இப்போதே அங்குள்ள டாக்டரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள், மாத்திரைப் பெயர்களோடு. மாத்திரை முழுவதும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கான உணவு என்று முன்கூட்டியே பதிவு செய்யலாம், டிக்கெட் எண்ணை வைத்து நீங்களே இணையத்தில் போட்டுவிடலாம். கொஞ்சம் பொட்டுக்கடலையோ பிஸ்கட்டோ கையில் கொடுத்தனுப்புங்கள், சாப்பாடு வரும் நேரம் நம் கையில் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கே இறங்கும்போது வெளியில் பளிச்சென்று காலை வெயில், உடம்புக்கு இரவு 7 மணி. ஜூனில் இங்கே சூரியன் மறைய இரவு 9 மணி ஆகிறது. அம்மா ஒரு மணி நேரம் கண்ணசந்துவிட்டு எழுந்துவிட வேண்டும், பகல் முழுக்கத் தூங்கினால் ஒரு வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார். தங்கச்சியிடம் சொல்லி வையுங்கள், மாலை வெயிலில் கொஞ்சம் நடக்க வைக்கட்டும்.

வீல்சேர் கட்டாயம் கேளுங்கள். காசு இல்லை. பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும், கடைசி நேரத்தில் கேட்டால் காக்க வைப்பார்கள். சென்னையில் பெட்டி போடும் இடத்திலிருந்து விமான வாசல் வரை, துபாயில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசல் வரை, இங்கே இறங்கி குடியேற்றம், பெட்டி எடுப்பது, வெளியே தங்கச்சி நிற்கும் இடம் வரை அவர்களே கூட்டி வந்து விடுவார்கள். நடக்க முடியும், எனக்கு எதற்கு சக்கர நாற்காலி என்று மாமியார் முதலில் மறுத்தார், அப்புறம் துபாயில் அந்த நீளத்தைப் பார்த்துவிட்டு, இது இல்லாவிட்டால் நான் வழி தெரியாமல் நின்றிருப்பேன் என்று அவரே சொன்னார். நடக்க முடியுமா என்பது இதில் முக்கியமே இல்லை. கூட ஒரு ஆள் இருக்கிறார், அதுதான் முக்கியம்.

14 மணி நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடக்கச் சொல்லுங்கள், அதற்காகவே நடைவழி ஓரத்து இருக்கையைப் போடுங்கள், சன்னல் வேண்டாம். பாத்ரூம் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள் நம் அம்மாக்கள், கால் வீங்கிப்போகிறது. விமானத்தில் பாத்ரூம் கதவு எப்படித் திறக்கும், தண்ணீர் எதை அழுத்தினால் போகும் என்று ஏதாவது ஒரு வீடியோவில் முதலிலேயே காட்டிவிடுங்கள். சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

குடியேற்றத்தில் கேட்பது எங்கே தங்கப் போகிறீர்கள், எதற்கு வந்தீர்கள், எப்போது திரும்புவீர்கள், இவ்வளவுதான். தங்கச்சி பெயர், முகவரி, தொலைபேசி எண், பிரசவத்துக்காக வருகிறார், இந்தத் தேதியில் திரும்புகிறார் என்று ஒரு தாளில் ஆங்கிலத்தில் அச்சடித்து, அழைப்புக் கடித நகல், திரும்பும் டிக்கெட் நகல் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டும் பையில் வைத்துவிடுங்கள். பெட்டியில் வைத்துவிட்டு இங்கே வந்து திணறுபவர்கள் உண்டு.

சாப்பாட்டுப் பொருள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் மண்டபத்து அம்மா கருவாடு இல்லாமல் பிள்ளைத்தாய்ச்சி மகளைப் பார்க்க வரமாட்டார். கருவாடு கொண்டுவரலாம், நன்றாகக் காய்ந்ததாக, காற்றுப் புகாமல் கட்டியதாக இருக்கட்டும். ஆனால் உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்கும் இடத்தில் ஆமாம் என்றே சொல்ல வேண்டும். இருப்பதை இல்லை என்று சொல்லி மாட்டினால் அபராதம். கருப்பட்டி, முண்டு மிளகாய்த்தூள், பிரசவ லேகியம் எல்லாவற்றையும் அந்த ஆமாமுக்குள் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இறைச்சி, பச்சை இலை, பழம், விதை எதுவும் வேண்டாம்.

உச்சிப்புளி_ரயிலடி

குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். இவ்வளவு பேர் வெளிநாடு போகிற கரை இது, கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு ஒருவர் கடல் தாண்டி இருக்கிறார், ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பயணிகள் விமான நிலையம் கிடையாது. எங்கள் ஊரில் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது, 2009-லிருந்து கடற்படைத் தளம், ஓடுபாதை கண்ணுக்கு எதிரே கிடக்கிறது. சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ராமநாதபுரம் பெயர் வந்தது, 2025 மாநில பட்ஜெட்டில் ராமேஸ்வரத்தில் விமான நிலையம் என்று அறிவித்தார்கள். இங்கிருந்து சென்னைக்கு ஒரு சின்ன விமானம் ஓடினாலே இந்த அம்மாவின் பயணத்தில் ஒரு இரவு குறைந்துவிடும். தூரத்தில் எதையும் குறைக்க முடியாது, 13,650 என்பது பூமியின் அளவு. தரையில் போகும் நேரத்தைக் குறைக்க முடியும், அதை அரசாங்கம்தான் செய்ய வேண்டும், நாம் விடாமல் கேட்கவும் வேண்டும்.

கீழக்கரை_காக்கா

உச்சிப்புளி தம்பி சொல்வது நியாயம். ஓடுபாதை நீளம், கடற்படை அனுமதி என்று அதில் நிறைய முடிச்சு இருக்கிறது, அதற்குத் தனித் திரி போடுங்கள், நானும் வந்து எழுதுகிறேன். இங்கே அம்மா பயணத்தை முடிப்போம்.

மண்டபம் தம்பி, டிக்கெட் எடுக்கும்போது திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதாக எடுங்கள், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. பிரசவத் தேதி முன்னே பின்னே போகும், குழந்தையைப் பார்த்த பிறகு பாட்டி கிளம்புவாரா என்பது வேறு கதை. துபாயில் ஏதாவது பிரச்சினை என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், விமான நிலையத்துக்குள்ளே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

மண்டபம்_அலை

காக்கா, கண்டிப்பாக அனுப்புகிறேன். சென்னை டிக்கெட்டைப் போட்டுவிட்டேன், தேதி மாற்றும் வசதியோடு, நடைவழி ஓரத்து இருக்கை, வீல்சேர், சர்க்கரைக்கான உணவு எல்லாம் சேர்த்து. முந்தின இரவு ராமநாதபுரத்திலிருந்து ரயில், குரோம்பேட்டையில் சித்தி வீட்டில் பகல் முழுக்க ஓய்வு. தொண்டி அண்ணன் சொன்ன வழியை அம்மாவிடம் குளோப்பில் நூல் வைத்துக் காட்டினேன், பனித்தீவைப் பார்த்துவிட்டு நல்லவேளை அந்தப் பக்கம் போகவில்லை என்றார்.

அக்கா, ஒரே ஒரு கேள்வி பாக்கி. அம்மாவின் போனில் அங்கே சிம் வேலை செய்யாதே, தங்கச்சி வெளியே நிற்பதை எப்படித் தெரிந்துகொள்வார்?

ஸ்கார்பரோ_அக்கா

தேடவே தேவையில்லை. பெட்டி எடுத்துவிட்டு சுங்கம் தாண்டினால் கண்ணாடிக் கதவு திறக்கும், அதற்கு வெளியேதான் எல்லோரும் நிற்பார்கள், வீல்சேர் தள்ளி வருபவர் அம்மாவை ஆளிடம் ஒப்படைக்காமல் போக மாட்டார். தாளில் தங்கச்சி எண் இருக்கிறதல்லவா, அவரே தன் போனில் கூப்பிட்டுக் கொடுப்பார். தங்கச்சி 9:30-க்கே வந்து நிற்க வேண்டாம், பிள்ளைத்தாய்ச்சி, விமானம் இறங்கியதை இணையத்தில் பார்த்துவிட்டுப் புறப்பட்டால் போதும். குடியேற்றம், பெட்டி எல்லாம் முடித்து அம்மா வெளியே வர எப்படியும் பத்தரை, பதினொன்று ஆகிவிடும். எந்த டெர்மினல் என்று டிக்கெட்டில் பார்த்துச் சொல்லிவிடுங்கள், டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் டெர்மினல் ஒன்றும் மூன்றும் தனித்தனிக் கட்டடம், தப்பான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சிறு ரயில் ஏறி மாற வேண்டி வரும்.